விளம்பப் படித்த காலம்

எனக்குப் பேச்சு வராது. வீட்டில் வரும், மாட்டுத் தொழுவத்தில் வரும், தங்கையைத் திட்டுவதென்றால் மடை திறந்த மாதிரி வரும். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் இது சின்னக் குறை அல்ல. எங்கள் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நாஞ்சில் நாட்டில் மீசை அரும்பிய ஒவ்வொருவனும் மேடை ஏறி அடுக்குமொழியில் பொரிந்து தள்ளினான். பேசத் தெரியாதவனுக்கு எவனும் பெண் தரமாட்டான் என்று நான் உறுதியாக நம்பினேன். இப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானாக நம்பினேன்.

அதனால் தினமும் சாயங்காலம் தொழுவத்தில் நின்று பயிற்சி செய்வேன். எருமை கேட்கும். தங்கை வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள்.

“அண்ணே, தாயே தமிழேன்னு விளிக்கும்போ எதுக்கு எருமையப் பாக்கே?”

“ஏட்டி, வாய மூடு.”

“அது வாய மூடிட்டுதான் நிக்கு. பாவம்.”

அவளுக்குச் சிரிக்கத் தெரிந்த அளவுக்கு அழத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்பது அவளுடைய முதல் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுதான் தெரிந்தது. முறிந்தது பப்படத்தால். நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இலைக்குப் பப்படம் வந்து சேரவில்லை. “ஒரு பப்படத்துக்கு வகையில்லாத எடமா?” என்று எழுந்தவர்தான், பிறகு உட்காரவே இல்லை. தங்கை எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் இலையில் பப்படம் விழுந்தால் எடுத்து என் இலையில் வைத்துவிடுவாள். நான் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன். பப்படத்தை மட்டும் தின்றுவிடுவேன்.

ஒரு வருஷம் கழித்து இரணியல் பக்கம் இன்னொரு இடம் அமைந்தது. தை மாதத்தில் கல்யாணம். பெரிய கூட்டுக் குடும்பம். மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் அங்கே சட்டம். அவர் தும்மினால் மற்றவர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்களாம். அப்பா வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: “தாலி கெட்டியாச்சுன்னா கெட்டினதுதான். ஆனா பந்தியில ஒரு குறை வந்துதுன்னு வையி, அந்தப் பேச்ச இவ காலம்பூரா அங்க இருந்து கேக்கணும். கேட்டியளா?” தங்கை அப்போது சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு பெரியவர் வந்தார். மதராசில் ஏதோ கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி. கதர்ச் சட்டை. பொய் என்ற வார்த்தையைச் சொல்லக்கூட முகம் சுளிப்பவர். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. நாளைய தலைவர்கள் புத்தகத்தால் உருவாவதில்லையாம். ஒவ்வொரு இளைஞனும் தொழில் தெரிந்த ஒருவரோடு இரண்டு மாதம் கூடவே இருந்து பழக வேண்டும். யார் யாரிடம் போவது என்பதை வாசகசாலைத் தலைவர் முடிவு செய்வார். தலைவர் வேறு யாருமல்ல, எங்கள் அப்பா. பெரியவர், தை மாதம் தாம் திரும்பி வந்து எங்களில் யார் தலைவனாகியிருக்கிறோம் என்று பார்ப்பதாகச் சொன்னார்.

பிறகு ஒவ்வொருவரும் எழுந்து, தான் கற்க விரும்புவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்றார். என் சிநேகிதன் எழுந்து “சட்டம்” என்றான். அது வாக்கியமே அல்ல, ஆனாலும் கைதட்டினார்கள். என் முறை வந்தது. நாற்பது கண்கள். நாக்கு வழக்கமான இடத்தில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளையாக நான் ஒரு வாரமாக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பழைய பாட்டுகளில் துழாவி, இருப்பதிலேயே உயர்ந்த சொல்லாகப் பொறுக்கிப் போட்ட வாக்கியம்.

“மக்கள் முன் நின்று, மனம் குளிர விளம்பக் கற்க விழைகிறேன்.”

விளம்புதல் என்றால் சொல்லுதல். நிகண்டில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் நிகண்டைத் திறந்து வைத்துக்கொண்டு யார் சாப்பிடுகிறார்கள்? எங்கள் பக்கம் விளம்புவது என்றால் இலையில் சோறு பரிமாறுவது. சோறு விளம்புவோம், கறி விளம்புவோம், வேறு எதையும் விளம்பமாட்டோம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சாம்பார் விளம்பவா, பாயசம் விளம்பவா?” என்று கேட்டது. அவ்வளவுதான். வாசகசாலையின் ஓடு பறந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு. மதராஸ் பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அருந்தமிழ், தம்பி” என்றார். அப்பா மட்டும் சிரிக்காமல் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிநேகிதனை நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார் அப்பா. இன்னொருவன் அச்சகத்துக்குப் போனான். என்னைக் கூப்பிட்டு, “நீ பந்தி விளம்பப் படிக்கணும்னு சபையில கேட்டேல்லா, சொல்லி வச்சிருக்கேன், போ” என்றார்.

“அப்பா, நான் சொன்னது பேச்ச.”

“சபையில சொன்னது சொன்னதுதான்.”

சொல்லி வைத்திருந்தது யாரிடம் என்று தெரிந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன். நாலாம் பாரத்தோடு நின்றுபோனவன். இப்போது சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருபது பையன்களை வாளியும் கரண்டியுமாக விரட்டிப் பந்தி நடத்துபவன் அவன்தான். நடத்துவதோடு நின்றால் பரவாயில்லை. அவன் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. டெல்லியில் சாம்பாருக்கு வெல்லம் போடுவார்கள் என்பான். கொழும்பில் பப்படத்தைச் சதுரமாகச் சுடுவார்கள் என்பான். ராஜ்ய எல்லையில் இருக்கும் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையைத் தாண்டி ஒரு தடவைகூடப் போனதில்லை அவன்.

அவன் வீட்டுப் பின்புறத்தில் முதல் பாடம் நடந்தது. அவன் இலை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டான். நான் வாளியில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு விளம்ப வேண்டும்.

“லே, இது என்ன கோமாளித்தனம்?” என்றேன்.

“லேயா? ஆசான்னு விளி.”

“உன்னையா?”

“எனக்க கீழ படிக்க வந்தவன் அப்பிடித்தான் விளிக்கணும். மதராஸ் திட்டமாக்கும்.”

விளித்தேன். வேறு வழி? தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பந்தி பார்க்க வேறு ஆளும் இல்லை.

அவனுடைய பாடங்களில் பாதி சுத்தப் புளுகு. மீதிப் பாதி எது என்று அவனுக்கே தெரியாது. “விளம்புகவன் எலையப் பாக்கணும். தலைவன் மூஞ்சியப் பாக்கணும்” என்பான். “போரும் போரும்னு கைய ஒசத்திக் காட்டுகவனுக்கு இன்னும் வேணும். எலைக்கு மேல கவுந்து படுக்கான் பாரு, அவனுக்குத்தான் நெசமாட்டே போரும்” என்பான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. “தலைவன் ஓடப்பிடாது, கேட்டியா. வீடே தீப்பிடிச்சாலும் பைய நடந்து போயித்தான் பாக்கணும். நீ ஓடினா பந்தி எழும்பி ஒனக்க பொறத்தால ஓடிவரும்.”

முதல் கல்யாணத்தில் முகத்தைப் பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்துகொண்டே போய் ஒரே மனிதருக்கு மூன்று தடவை உப்பு வைத்தேன். அவர் நான் ஏதோ பழைய பகையை வைத்துச் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்ததில் ஒரு சம்பந்தி மடியில் சாம்பாரை ஊற்றினேன். ஆசான் பைய நடந்து வந்து, “ஐயா, சாம்பார் மடியில விழுந்தா ஆம்பளப் பிள்ளை பொறக்கும், கொல்லத்துல இப்பிடித்தான் சொல்லுவாவ” என்றான். அவருக்கு எழுபது வயது இருக்கும். அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் ஆக்குப்புரைக்குள் ஓடிப்போய்ச் சமையற்காரர்களுக்கு நடுவே நின்று சிரித்தேன். ஓடியதற்காகத் திட்டும் வாங்கினேன்.

அப்படியே ஏழெட்டுக் கல்யாணம் போயிற்று. ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. அவியலைப் பார்க்கிறார்கள். எரிசேரி எந்த வாளியில் வருகிறது என்று பார்க்கிறார்கள். நூறு பேருக்கு நடுவே நான் நிம்மதியாக நடமாடினேன். “அந்தக் கோடிக்கு ஓலன் போகட்டும்”, “நடுவில சோறு” என்று என் குரல் எனக்கே கேட்டது. வீட்டுக்கு வந்து தங்கையிடம் பீற்றிக்கொண்டேன்.

“பப்படம்?” என்று கேட்டாள்.

“ஒரு எலை விடாது. நான் பாத்துக்கிடுகேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “பாத்துக்கோ அண்ணே” என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஆசான் வீட்டுக்குப் போய், பையன்களை எத்தனை மணிக்கு வரச்சொல்லலாம் என்று கேட்டேன். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, “பயலுவ வருவானுவ. நானும் வருவேன். ஆனா அந்தப் பக்கத்து எலையில” என்றான். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அவன் அம்மா வழியில் உறவாம். வண்டி அனுப்பி அழைத்திருக்கிறார்களாம்.

“அப்பம் பந்திய ஆரு பாக்கது?”

“நீதான். படிச்சாச்சில்லா?”

“சரி. அங்கே உக்காந்து வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுவியா?”

“அது எப்பிடி? மாப்பிள்ள வீட்டுக்காரனா வந்தவன் ஒரு குறையாவது சொல்லாண்டாமா? இல்லேன்னா எனக்க மரியாத என்னாகும்?”

“ஒனக்க மரியாதைக்கு எனக்க தங்கச்சி கல்யாணந்தான் கெடச்சுதா, லே?”

“ஆசான்னு விளி” என்றான் அந்தப் படுபாவி.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டோம். நடுநாயகமாகப் பெரியப்பா. அவருக்கு வலப்பக்கம் என் ஆசான், பட்டுக்கரை வேட்டியோடு. எதிர்வரிசையில் மதராஸ் பெரியவர், தலைவர்களைப் பரிசோதிக்க வந்தவர். விளம்புவதற்கு ஆள் குறைந்ததால் வக்கீலிடம் பழகிய சிநேகிதனும் இடுப்பில் துண்டைக் கட்டியிருந்தான். இரண்டு மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது வக்கீலின் குடையை மடக்குவது ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பப்படத்தை நானே ஒவ்வொரு இலையிலும் வைத்தேன். பருப்பு நெய் போனது. சாம்பார் போனது. ஆசான் தன் கடமையாக, “ஓலன்ல உப்பு ஒரு கல்லு கொறவாக்கும்” என்றான். பெரியப்பா அதையும் ரசித்துச் சாப்பிட்டார். அடுத்தது பால் பாயசம். ஆக்குப்புரையில் அது இன்னும் குறுகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சமையற்காரர் கையைக் காட்டினார். அந்தக் கொஞ்சத்தில்தான் சிநேகிதன், மூலையில் வாழையிலை போட்டு மூடியிருந்த பித்தளை வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே இருந்தது வெள்ளையாக இருந்தது. அவன் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. நேரே போய்ப் பெரியப்பாவின் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினான்.

மோர்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். எங்கள் பந்தியில் மோர் வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. கையைக் கழுவிக்கொண்டு போ என்று வாயால் சொல்லாமல் சொல்வது அது. பாயசம் கண்ணில் காட்டாமல் சம்பந்திக்கு மோர் ஊற்றியவன் எங்கள் நாட்டிலேயே அதற்கு முன்னால் இருந்திருக்கமாட்டான்.

பெரியப்பாவின் கை நின்றது. “அப்போ பாயசம் கெடையாதோ?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். பிறகு இலையின் மேல் நுனியைப் பிடித்தார். அவர் மடக்கினால் அந்த வரிசை முழுவதும் மடக்கும். இரணியல் வரைக்கும் மடக்கும். பந்தலோரம் நின்ற அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஓடவில்லை. பைய நடந்து போய்ப் பெரியப்பாவின் முன்னால் நின்றேன். இந்தத் தடவை யாரும் வாளியைப் பார்க்கவில்லை. மொத்தப் பந்தியும் என் முகத்தைப் பார்த்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. அப்போது மணவறைப் பக்கத்துக் கதவிடுக்கில் தங்கை நிற்பது தெரிந்தது. கழுத்தில் மாலையோடு, வைக்கோல் பிடுங்கும்போது நிற்பாளே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. அவளுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராமல் போனதே இல்லை. எருமையைப் பார்த்துப் பேசுவதும் எனக்குப் பழக்கம்தான். பெரியப்பாவைப் பார்த்தேன்.

“மாமா, இது மதராஸ் முறையாக்கும்.”

“என்னது?”

“இன்னும் கொஞ்ச நாளில நாம மதராசோட சேரப்போறோம். அங்க பெரிய எடத்துக் கல்யாணத்திலே மோரு முந்தி, பாயசம் பிந்தி. மோரு நாக்கக் கழுவி விடும். கழுவின நாக்கிலே விழுந்தாத்தான் பாயசத்துக்க முழு ருசியும் தெரியும். தெரியாதவங்களுக்கு இத விளம்ப முடியுமா? நீங்க நாலு எடம் கண்டவங்க. அதுதான் முதல்ல ஒங்க எலையில விளம்பச் சொன்னேன்.”

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு அவிழ்ந்த மயக்கத்தில், “சந்தேகம்னா மதராஸ் ஐயாவே எதிர்த்தாப்பில இருக்காங்க” என்று கையை வேறு நீட்டிவிட்டேன்.

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. பொய்யை விரும்பாத மனிதர். வாய் நிறைய எரிசேரி. அவசரமாக விழுங்கினார். “மதராசில் மோரை...” என்று ஆரம்பித்தார். எனக்கு உயிர் போய்விட்டது.

“ஆமா” என்றான் ஆசான்.

எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. தனக்குத் தெரியாத ஒரு முறை உலகத்தில் இருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. “இத ஒருத்தரு சொல்லணுமா? நான் நேர்ல பாத்ததாக்கும். மவுண்ட் ரோட்டில பந்தல் போட்டு, ஒரு ஜட்ஜிக்க மொவ கல்யாணம். மோரு குடிக்காதவனுக்குப் பாயசம் கெடையாதுன்னே சொல்லிப்போட்டானுவ” என்று சொல்லி, தன் இலையைத் தட்டி, “எனக்கும் ரெண்டு கரண்டி” என்றான்.

பெரியப்பா இலை நுனியை விட்டார். “எனக்குத் தெரியாதா? பய முறையா செய்யானான்னு சோதிச்சுப் பாத்தேன்” என்று சொல்லி, மோரைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். வரிசை முழுவதும் மோர் கேட்டது. வாளி காலியாகிற நேரத்தில் பாயசம் வந்து சேர்ந்தது. மூன்று தடவை வாங்கினார் பெரியப்பா. “கழுவின நாக்கில்லா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கை கழுவும் இடத்தில் மதராஸ் பெரியவர் என்னைத் தனியாக அழைத்தார். “தம்பி, மதராசில் அப்படி ஒரு முறை கிடையாது.”

“தெரியும், ஐயா.”

கழுவின கையை இன்னொரு தடவை கழுவினார். அவருக்குள் ஏதோ பெரிய போராட்டம் நடந்திருக்க வேண்டும். கடைசியில், “அந்தப் பாயசம் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?” என்றார்.

ஆசான் வண்டி ஏறும்போது என் காதில், “நான் சொன்னது நெசமாக்கும், கேட்டியா. மவுண்ட் ரோடு” என்றான். அதற்குள் அவனே நம்பிவிட்டான். “சரி, ஆசான்” என்றேன். யாரும் சொல்லாமல் அன்றுதான் விளித்தேன்.

அப்பா பந்தலில் எச்சில் இலைகளுக்கு நடுவே தளர்ந்து உட்கார்ந்திருந்தார். “விளம்புகதுன்னா சொல்லுகதுன்னு எனக்குத் தெரியாதா, லே? ஒன்னவிட நாலு பாட்டு கூடப் படிச்சவனாக்கும் நான். பந்திக்கு வீட்டாளு ஒருத்தன் வேண்டாமா?” என்றார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

சாயங்காலம் வில்வண்டி வந்தது. தங்கை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது, அப்பாவின் காலில் விழுந்து, கடைசியில் என்னிடம் வந்தாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல நினைத்தேன். அவளுக்கு முன்னால் முதல் தடவையாக வரவில்லை. அவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “அண்ணே, நல்லா விளம்பினே.”

“எத?” என்றேன். அவள் ஏறிவிட்டாள். மாடு கிளம்பிவிட்டது. நான் தொழுவத்துக்குப் போய் எருமையின் பக்கத்தில் நின்று நன்றாக அழுதேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் தாலுகாக்கள் மதராசோடு சேர்ந்தன. கொஞ்ச நாள் கழித்துத் தங்கையைப் பார்க்க இரணியலுக்குப் போயிருந்தேன். மத்தியானம் பெரியப்பா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னார். சாம்பார் முடிந்ததும் மோர் வந்தது. நான் திருதிருவென்று விழித்தேன்.

“என்ன பாக்கீரு மருமவனே? இது மதராஸ் முறையாக்கும்” என்றார் பெரியப்பா. “மோரு நாக்கக் கழுவும். ஒமக்கு இதெல்லாம் பழகியிருக்காது. நம்ம வீட்டில இப்பம் இதுதான் சட்டம். ஆரு வந்தாலும் நான் சொல்லிக் குடுக்கது.” நிதானமாக, ஒன்று விடாமல், எனக்கே அதை விளக்கினார். மவுண்ட் ரோட்டு ஜட்ஜிகூட வந்துபோனார்.

பாயச வாளியோடு தங்கை வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு குனிந்து விளம்பினாள். அவள் தோள் குலுங்கியது. வாய்க்குள் எதையோ கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். உற்றுக் கேட்டபோதுதான் தெரிந்தது, பப்படம்.